ஊறட்டும், அம்மணி

குட்டியக்கா, நீங்கள் ஊறப் போட்டுவிட்டுப் போன போர்டு இன்னும் தண்ணீரில்தான் கிடக்கிறது. நான் கை வைக்கவில்லை.

செய்தி வந்தபோது நான் ஒரு வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கை முடிந்து, இன்னொரு கையை மேசையில் விரித்திருந்தேன். கசார்வாடி ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாவு ரோட்டைத் தாண்டி வந்தார். அண்ணன் என்கிற முறையில் நாங்கள் எல்லோரும் அவரைப் பாவு என்றுதான் கூப்பிடுவோம். கடையைத் திறந்து போட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை அவர். இரண்டு கையாலும் ஒரு தாளைப் பிடித்திருந்தார்.

என் கண் அந்தத் தாளின் மூலைக்குத்தான் முதலில் போனது. அங்கே 'கு' என்ற எழுத்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறி நின்றது. அது அப்படித்தான் நிற்க வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். சரியாக எடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"வஹினி, தாயி கெல்யா" என்றார். அண்ணி, அக்கா போய்விட்டார்கள் என்று அர்த்தம். மராத்தி கேட்டுக் கேட்டுப் பழகின காதுதான் எனது. இருந்தும் நான், "எங்க போனாங்க?" என்று கேட்டேன்.

அவர் அந்தத் தாளை இஸ்திரி மேசையில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

மிஷின் சூடாகட்டும் என்று அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்களாம். தாள் வந்ததும் வாங்கி மூலையைப் பார்த்தார்களாம். கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் என்று கேட்டார்களாம். பாவு தண்ணீர் எடுக்கத் திரும்பியிருக்கிறார். டம்ளரோடு திரும்பிப் பார்த்தால் தலை மேசையில் சாய்ந்திருக்கிறது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். உயிர் முன்னமே போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவுக்கு ஒரு காய்ச்சல் தலைவலி என்று நான் பார்த்ததில்லை. அன்று காலையில் என் வீட்டில் இரண்டு தோசை சாப்பிட்டு, சட்னியில் உப்பு கம்மி என்று சொல்லிவிட்டுப் போன ஆள்.

அந்தச் சட்டைக்கு இன்னொரு கையை நான் போடவே இல்லை. சட்டைக்காரர் வந்து அப்படியே எடுத்துப் போனார்.

நம் முருகன் கோயில் விழா மலருக்கு அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி கமிட்டிக்காரர்கள் கேட்டார்கள். நான் ஆறாவது வரைதான் படித்தேன். எனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன்.

அக்காவின் பெயர் ராஜேஸ்வரி. ஊர் கோயமுத்தூர்ப் பக்கம். ஆள் குள்ளம். அவர்கள் அண்ணன் பிள்ளைகள் குட்டியத்தை என்று கூப்பிட, நான் குட்டியக்கா என்று கூப்பிட, கடைசியில் தபால்காரர் வரை குட்டி தாயி என்றே கேட்டு வருவார். அண்ணன் ராணுவ டிப்போவில் வேலையாக வந்தபோது கூட வந்தவர்கள். அண்ணனுக்கு மாற்றல் ஆனபோது அக்கா போகவில்லை. ஊரில் ஐடிஐ படித்திருந்தார்கள். இங்கே ஸ்டெபிலைசர் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் ஈயம் பற்றவைக்கும் வேலை. கல்யாணத்தைப் பற்றி யாராவது கேட்டால், "பத்தவெக்கற கம்பிய பொறுத்துக்கற மாப்பிள்ளை கெடச்சா சொல்லுங்க, பாக்கலாம்" என்பார்கள்.

தொண்ணூறுகளில், நான் கல்யாணமாகி வந்து வரிசை வீட்டு வாசலில் இஸ்திரி மேசை போட்ட புதிதில், அக்கா என்னிடம் வந்தார்கள். ஒரு கையில் செம்புத் தகடு ஒட்டிய ஒரு பலகைத் துண்டு. மறு கையில் பத்திரிகையிலிருந்து கிழித்த வழவழப்பான தாள். தாளில் ஒரு நடிகையின் படம், அதன் மேல் கருப்புக் கருப்பாகக் கோடுகள்.

"ஏனுங்க அம்மணி, உங்க பொட்டிய கொஞ்ச நேரம் இதுமேல வெக்க முடியுங்களா?"

"என்னக்கா இது, பாவம் அந்தப் பொண்ணு மூஞ்சியெல்லாம் கிறுக்கி வச்சிருக்கீங்க?"

"கிறுக்கலுங்களா? கரண்ட் போற ரோடு அம்மணி இது. எங்க வீட்டு கரண்ட் பொட்டி எடை பத்தல. நடுவுல மட்டும் ஒட்டுது, ஓரம் ஒட்டமாட்டேங்குது."

என்னுடையது கரி போட்ட பித்தளைப் பெட்டி. தூக்கினால் தோள் வலிக்கும். "எந்தச் சூடு வேணும்?" என்று கேட்டேன். அக்கா முழித்தார்கள். பட்டுக்கு ஒரு சூடு, டெரிகாட்டனுக்கு ஒரு சூடு, காட்டனுக்கு ஒரு சூடு என்று சொன்னேன். அக்கா யோசித்து, காட்டன் என்றார்கள். அன்றைக்குச் சொன்னது கடைசி வரை மாறவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெராக்ஸில் விழுவது மை கிடையாது. அது ஒரு பொடி. சூடு பட்டால் உருகும். தாளைக் கவிழ்த்துச் செம்பின் மேல் வைத்துத் தேய்த்தால் பொடி உருகிச் செம்பில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தண்ணீரில் ஊறப் போட்டுத் தாளை எடுத்துவிட வேண்டும். கோடு மட்டும் பலகையில் நிற்கும். அதைப் பெரிக் என்கிற, செம்பை அரிக்கும் மருந்தைக் கரைத்த தண்ணீரில் போட்டு ஆட்டிக்கொண்டே இருந்தால், கோடு மூடாத இடத்துச் செம்பையெல்லாம் அது தின்றுவிடும். கோட்டுக்குக் கீழே இருக்கிற செம்பு பிழைக்கும். அதுதான் கரண்ட் போகிற ரோடு. அப்புறம் சின்னச் சின்னதாக ஓட்டை போட்டு, சாமான்களை நிறுத்திப் பற்றவைக்க வேண்டியது. பெரிக் தண்ணீர் டீ டிகாக்‌ஷன் மாதிரி இருக்கும். பட்ட இடம் காவியாகிவிடும், போகவே போகாது. எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுகிற மோரியைப் பார்த்தவர்கள் யாரும், இவள் நன்றாகக் கழுவுகிறவள் என்று சொன்னதில்லை.

பட்டறையை மூடினதும் அக்கா வீட்டிலேயே இதைத் தொழிலாக வைத்துக்கொண்டார்கள். கசார்வாடியில் சின்னப் பட்டறைகளுக்கா பஞ்சம்? சார்ஜர் போர்டு, டைமர் போர்டு என்று நாலும் ஐந்துமாகக் கேட்பார்கள். படம் அக்கா, சூடு நான்.

இப்போது அந்த 'கு' கதை. தாளைக் கவிழ்த்து ஒட்டுவதால், தாளில் எல்லாம் திரும்பி இருந்தால்தான் செம்பில் நேராக விழும். அக்கா கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாளில் படம் வரைந்து, அதைத் திருப்பி வைத்து எடுக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். அடையாளத்துக்கு மூலையில் இங்கிலீஷில் எழுதியிருப்பார்கள். பாவு நல்ல மனிதர். அந்த இங்கிலீஷ் எழுத்து திரும்பி இருப்பதைப் பார்த்து, பாவம் தாயி தப்பாகக் கொடுத்துவிட்டார்கள் என்று நேராகத் திருப்பிப் போட்டு எடுத்துக் கொடுத்துவிடுவார். "உல்டா தா தாயி, சீதா கர் தியா" என்று சிரித்துக்கொண்டே நீட்டுவார். திரும்பி இருந்தது, நேராக்கிவிட்டேன் என்கிறார். எத்தனை தடவை சொன்னாலும், கடையில் கூட்டம் வந்தால் கை பழக்கத்தில் நேராக்கிவிடுவார். நாங்களும் சில சமயம் பார்க்காமல் ஒட்டிவிடுவோம். எனக்கு இங்கிலீஷ் நேராக இருந்தாலும் ஒன்றுதான், திரும்பி இருந்தாலும் ஒன்றுதான்.

"தமிழ்ல போடுங்கக்கா. பாவுக்கும் புரியாது, நேராக்க மாட்டாரு. நான் பாத்துச் சொல்றேன்" என்றேன்.

அக்காவுக்குச் சந்தோஷம். என் பெயர் பவுனு. அதனால் 'ப' போட்டார்கள். நானும் பார்த்தேன், அக்காவும் பார்த்தார்கள், சரி என்று ஒட்டினோம். பெரிக்கில் ஆட்டி, ஓட்டையெல்லாம் போட்டு முடித்து, கால் வைத்த கருப்புச் சில்லை உட்கார வைத்தால் எல்லாக் காலும் மாறிப் போயிருக்கிறது. அக்கா போர்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "அம்மணி, 'ப'வ எந்தப் பக்கம் திருப்பினாலும் 'ப'தானே?" என்றார்கள்.

என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். "அவ எழுத்தும் அவளை மாதிரிதான்க்கா. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மூஞ்சி" என்றார்.

சிரித்துச் சிரித்து அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போர்டை வீணாக்க மனம் வராமல், சில்லை மல்லாத்திப் போட்டுப் பற்றவைத்தார்கள். அதுவும் வேலை செய்தது. அக்கா வீட்டு அழைப்பு மணிக்குள் கடைசி வரை அதுதான் இருந்தது.

அதற்கப்புறம்தான் 'கு' வந்தது. பாவு அதைப் பார்த்து, இது என்ன என்று கேட்டாராம். அக்கா கொஞ்சமும் சிரிக்காமல், "எங்க சாமி எழுத்து பாவு. இதைத் திருப்பக் கூடாது, குடுத்தது குடுத்தபடி எடுக்கணும்" என்று இந்தியில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து பாவு அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் மிஷினில் வைப்பார். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அன்று அவர் இரண்டு கையாலும் ஏந்தி வந்தது அதனால்தான். அது அக்காவின் பெயர் என்று நான் இன்னும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை.

தாளை எடுப்பதில்தான் எங்களுக்குள் எப்போதும் பேச்சு. ஆரம்பத்தில் நான் அவசரப்பட்டு இழுத்து, கோடெல்லாம் தாளோடு வந்துவிட்டது. அதிலிருந்து கேட்காமல் தொடமாட்டேன். தாள் ஊற ஊற மெலிந்து, பின்பக்கம் வழியாகக் கருப்புக் கோடு தெரிய ஆரம்பிக்கும். திரும்பி இருந்த 'கு', அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது நேராகத் தெரியும்.

"'கு' நேராயிருச்சுக்கா. எடுக்கட்டுமாக்கா?"

"ஊறட்டும், அம்மணி."

"இன்னும் எம்புட்டு ஊறணும்? எனக்கு மூட்டை கெடக்கு."

"நேரானா மட்டும் பத்துமா? தாளு அதாவே விடோணும். நாம இழுத்தா அது பாதிய புடிச்சுட்டுதான் வரும்."

நான் துணிக்குப் போய்விட்டு வந்து மறுபடி கேட்பேன். ஊறட்டும் என்பார்கள். பிறகு ஒரு தரம் பக்கத்தில் வந்து, குனிந்து பார்த்து, விரலால் ஓரத்தை மட்டும் தொட்டு, "எடு" என்பார்கள். எடுத்தால் வாழைப்பழத் தோல் மாதிரி கையோடு வரும். அந்த 'எடு'வை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்குச் சொல்ல வரவில்லை.

இரண்டாயிரம் பிறந்த பிறகு, என் வீட்டுக்காரர் தகடு வெட்டும் பிரஸ் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார். பிரஸ் கீழே இறங்க இரண்டு சுவிட்சை இரண்டு கையால் அமுக்க வேண்டும். கை இரண்டும் சுவிட்சில் இருந்தால் வெட்டுக்குள் போகாது. ஆனால் எண்ணிக்கைக்குக் கூலி. ஒரு சுவிட்சைத் துணி வைத்துக் கட்டிவிட்டால், ஒரு கையால் அமுக்கி, மறு கையால் தகடு தள்ளலாம், வேலை வேகமாக ஓடும். எல்லோரும் கட்டுவார்கள். இவரும் கட்டினார். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று வீடு முழுக்க ஆட்கள். ஆளாளுக்கு உச்சுக் கொட்டினார்கள். அக்கா வந்து கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "முருகேசு, எந்தச் சுவிட்ச கட்டுன? எடதா, வலதா?" என்று கேட்டார்கள்.

எல்லோரும் அக்காவை ஒரு மாதிரி பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன். இவர் மட்டும், "வலதுக்கா. வேஷ்டிக் கிழிசலால" என்று பதில் சொன்னார்.

அக்காவுக்கு அந்தப் பைத்தியம் அன்றைக்குப் பிடித்ததுதான். அதுவரை மற்றவர்கள் கொடுக்கிற படத்தைத்தான் செய்து கொடுத்தோம். இது அக்காவின் சொந்தப் படம். இரண்டு சுவிட்சையும் ஒரே சமயத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். ஒன்று முன்னமே அமுங்கிக் கிடந்தால் இறங்கக் கூடாது. ஒவ்வொரு தரமும் இரண்டையும் விட்டுவிட்டு அமுக்க வேண்டும். அப்படி வைத்தால் யார் கட்டினாலும் பலிக்காது.

ஒயரும் சாமானுமாக ஒரு மரப் பலகையில் கட்டி, பிரஸ்ஸுக்குப் பதில் ஒரு பல்பை வைத்து, எங்கள் சமையல்கட்டில் வைத்துச் சோதித்தார்கள். ஏமாற்றுகிற வேலை என் வீட்டுக்காரருக்கு. பட்டறையில் பார்த்த தந்திரமெல்லாம் அவருக்கு அத்துப்படி. ரப்பர் பேண்டு போட்டார், பல்பு எரியவில்லை. ஸ்பூனைச் சொருகினார், எரியவில்லை. துணி உலர்த்துகிற கிளிப்பைப் போட்டார், எரியவில்லை. கடைசியில் கட்டை விரலால் ஒன்றையும் முழங்கையால் ஒன்றையும் சேர்த்து அமுக்கினார். பல்பு எரிந்தது. இன்னொரு கை சும்மா தொங்கியது.

"தோத்துட்டீங்கக்கா" என்றார் இவர். விரல் போனதற்கப்புறம் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"தோக்கட்டும் முருகேசு. இங்கயே தோத்துப் போகட்டும். அங்க போயித் தோத்தா உன்ன மாதிரி இன்னொருத்தன் வீட்ல நான் போயி நிக்கோணும்."

சுவிட்சுகளை முழங்கை எட்டாத தூரத்துக்குத் தள்ளிவைத்தார்கள். இப்படி எத்தனை தரம் தோற்று, எத்தனை தரம் மாற்றினார்களோ தெரியாது. ஒரு நாள் இவர் எல்லாத் தந்திரமும் செய்து பார்த்துவிட்டு, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "இது அன்னைக்கு இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். அக்கா பல்பைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

சாகண் ஊரில் ஒரு பிரஸ் பட்டறை முதலாளி, ஒரே ஒரு மிஷினில் மாட்டிப் பார்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். வேலை மட்டுப்பட்டால் கழற்றிப் போட்டுவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அக்கா அதற்கும் சரி என்றார்கள். ஆனால் ஒயர் பின்னின மரப் பலகையைக் கொண்டுபோய் மாட்ட முடியாது. பிரஸ் அதிர்கிற அதிர்வில் எல்லாம் கழன்றுவிடும். சரியான போர்டு வேண்டும். அதைத்தான் அக்கா போன அன்று காலையில் செய்ய உட்கார்ந்தோம்.

செம்பை அக்காவே பாத்திர நாரால் தேய்த்தார்கள். தாளை வைத்தார்கள், மூலையை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். காட்டன் சூட்டில் பெட்டியை வைத்து அழுத்தினேன். அக்கா என் கை மேல் அவர்கள் கையையும் வைத்து அழுத்தினார்கள். வழக்கமாக அப்படிச் செய்யமாட்டார்கள். இந்தப் போர்டு என்பதால்தான் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். ஊறப் போட்டதும் புடவையை உதறிக்கொண்டு எழுந்தார்கள்.

"ஸ்பேருக்கு இன்னொண்ணு போட்டு வெச்சுக்கலாம். பாவு கடைக்குப் போயி ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்தர்றேன்."

"இதை எடுக்கட்டுமாக்கா? அதுக்குள்ள ஊறிரும்."

"ஊறட்டும், அம்மணி. நான் வந்து பாக்கறேன்."

அக்காவின் அண்ணன் கோயமுத்தூரிலிருந்து வந்தார். எல்லாம் முறைப்படி நடந்தது. பாவு அன்று கடை திறக்கவில்லை, கூடவே நின்றார். பட்டறைக்காரர்கள், தமிழர், மராத்திக்காரர் என்று வரிசை வீடு கொள்ளாத கூட்டம். அண்ணன் ஊருக்குப் போகிற அன்று, அக்கா வீட்டைக் காலி பண்ணும்போது, என் வீட்டில் போர்டு ஊறிக்கொண்டிருந்த டப்பைப் பார்த்து, "இது என்னம்மா, ஊத்திரலாமா?" என்று கேட்டார். இவர்தான் முன்னால் வந்து, "அது எங்க வேலைங்க, இருக்கட்டும்" என்றார்.

தண்ணீர் வற்ற வற்ற, ஓரமாக மெள்ள ஊற்றுகிறேன். கொசு வரும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். சாகண் முதலாளி ஆள் விட்டுக் கேட்டார். துக்கம் விசாரித்துவிட்டு, அந்த மிஷினில் இடம் விட்டு வைத்திருக்கிறேன், கொண்டுவந்தால் மாட்டுகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த மிஷினில் இப்போது நிற்கிறவன் கல்யாணமாகாத பையனாம்.

"நீயே செய்வியே பவுனு. என்ன தெரியாது உனக்கு?" என்று இவர் கேட்கிறார். கேட்டால் தெரியாதது ஒன்றும் இல்லைதான். பெரிக்கில் ஆட்டியது என் கை. ஓட்டை போட்டது என் கை. அக்கா கண்ணாடியைத் தேடுகிற சமயங்களில் பற்றவைத்ததும் நான்தான். போர்டு கெட்டுவிடுமோ என்றுகூடப் பயம் இல்லை. கையை விடப் போகும்போதெல்லாம், நான் வந்து பார்க்கிறேன் என்று சொன்னார்களே என்று நின்றுவிடுகிறேன். எடுத்துவிட்டால், வரமாட்டார்கள் என்று நானே சொன்னதாகிவிடும்.

இதை எழுதி முடிக்கும்போது, இவர் பெரிக் பாட்டிலை வாசலில் வெயிலில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். மீதி விரல்களால் மூடியைத் திறந்துவிட்டு, என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் டப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

குட்டியக்கா, 'கு' நேராகத் தெரிகிறது. ஓரமெல்லாம் அதாகவே விட்டு மிதக்கிறது. யாரும் இழுக்கவில்லை.

எடுக்கட்டுமாக்கா?